பால் மறக்கும்வரை தள்ளிப்போடாதே

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோவில் நீ சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வாய்க்கு அரை டம்ளர் தண்ணீர். அப்புறம் தோளைப் பின்னால் தள்ளி, கழுத்தை நீட்டி, இறங்குமா என்று காத்திருந்தாய். இறங்காததும் "பிள்ளை அழுகிறாள்" என்று எழுந்து போய்விட்டாய். பேத்தி பின்னால் அயர்ந்து தூங்கியது திரையிலேயே தெரிந்ததடி!

அசிடிட்டி மாத்திரையிலேயே இத்தனை நாள் ஓட்டிவிட்டாய். அசிடிட்டி என்றால் தண்ணீர் ஏன் நெஞ்சில் நிற்கிறது? டாக்டர் சந்தேகப்படும் அகலேசியாவில் உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை வளையம் விழுங்கும்போது தளராது. மேலே இருக்கும் குழாயும் உணவைச் சரியாகத் தள்ளாது. படுத்தால் தின்றது எதுக்களிக்கும், இருமல் வரும், சில சமயம் நுரையீரலுக்குள்ளும் போகும். ராத்திரி படுத்தபடி பால் கொடுக்கும்போது நீ இருமுவதாக மாப்பிள்ளை சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

"பரிசோதனையெல்லாம் பிள்ளை பால் மறந்த பிறகு பார்த்துக்கலாம்" என்கிறாய். பால் கொடுப்பவளுக்குத் தினமும் 500 கலோரி வரை கூடுதலாக வேண்டும். உனக்கோ வழக்கமான சாப்பாடே இறங்கவில்லை. இப்படியே போனால் நீதான் எலும்பும் தோலுமாகப் போவாய்.

பரிசோதனைக்காகப் பாலை நிறுத்தவும் வேண்டாம். எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். பேரியம் உடம்பில் சேராமல் மலத்தோடு போய்விடும், எக்ஸ்ரேயும் பாலைக் கெடுக்காது. உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கிற மானோமெட்ரிக்கு மூக்கு வழியே மெல்லிய குழாயை விட்டு, தண்ணீரை வாய் வாயாக விழுங்கச் சொல்வார்கள். குமட்டும், சுகமாக இருக்காது, ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். எண்டோஸ்கோபிக்கு மயக்கம் கொடுத்தால், நன்றாகத் தெளிந்து பிள்ளையைத் தூக்கும் தெம்பு வந்ததும் பொதுவாகப் பால் கொடுக்கலாம். "பீய்ச்சிக் கொட்டிவிடு" என்று யாராவது சொன்னால், எந்த மருந்துக்காக என்று கேள். மயக்க மருந்து டாக்டரிடம் நீயே வாய்திறந்து "பால் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடு. வலிக்குக் கோடீனும் டிரமடாலும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல். பால் வழியே பிள்ளைக்குப் போய் மூச்சைப் பாதிக்கலாம் என்று 2017-இல் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்திருக்கிறது.

சிகிச்சையைப் பற்றி இப்போதே மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே. பலூன் வைத்து விரிப்பது, லேப்ராஸ்கோபியில் தசையை வெட்டுவது, 2008-இல் ஜப்பானில் தொடங்கிய, வாய் வழியாகவே எண்டோஸ்கோப்பை விட்டு அந்தத் தசையை வெட்டுகிற போயம் (POEM) என்று வழிகள் இருக்கின்றன. இந்த நோயில் கெட்டுப்போன உணவுக்குழாய் நரம்பு திரும்பாது, ஆனால் சாப்பாடு இறங்கும். எது உனக்குச் சரி என்பதை மானோமெட்ரி பார்த்து அவர்கள் சொல்லட்டும். போயத்துக்கு அப்புறம் நெஞ்செரிச்சல் வர வாய்ப்பு அதிகம், அதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்.

பரிசோதனைக்குக் கிளம்பும் முன் வயிறார ஒருமுறை கொடுத்துவிடு, கொஞ்சம் பீய்ச்சியும் வை. நேரமானால் மார்பு கட்டிக்கொள்ளும், பம்பை எடுத்துப் போ. தேதி கிடைத்ததும் சொல். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையென்றால் நான் வந்து பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா