மோர் பாட்டிலும் கேபிடல் வாசலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோருக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரை உபயோகமாக இருந்தது. விசா, குளிர் உடை, மருந்துச் சீட்டு எல்லாம் சொன்னீர்கள், தண்ணீர் பாட்டிலைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஜூலையில் அப்பா, அம்மாவோடு வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றம் இருக்கும் கேபிடல் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். ஒரு டிராவல்ஸ் மூலமாகத்தான் ஏற்பாடு. அவர்கள் அனுப்பிய குறிப்பில் எந்தச் செருப்பு போட வேண்டும் என்பது வரை இருந்தது, உள்ளே எதுவும் குடிக்கக் கொண்டுபோகக் கூடாது என்பது இல்லை. வெயிலில் வரிசையில் நின்று சோதனை வாசலுக்குப் பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. சீல் உடைக்காத நான்கு தண்ணீர் பாட்டிலையும் அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டோம். அப்பா தன் எவர்சில்வர் பாட்டிலை விட மாட்டேன் என்று நின்றார். காலி பாட்டில் என்றால் பரவாயில்லை என்று காவலர் சொன்னதும், மோரில் முடிந்த வரை குடித்துவிட்டு மீதியைக் கவிழ்த்தார். பாட்டிலின் வாயில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையை விரலால் வழித்துவிட்டு பாட்டிலை நீட்டினார்.

அதுகூடப் பெரிதில்லை சார். அவருக்கு 72 வயது, சர்க்கரை இருக்கிறது, தலை சுற்றினால் சாப்பிடச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிஸ்கெட் பாக்கெட் வைத்திருப்பார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் அதையும் தொட்டியில் போட்டிருக்கிறார். இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கூச்சம். எனக்கு உள்ளே போன பிறகுதான் தெரியும், சுற்றிப் பார்த்து முடிக்கும் வரை அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விதியை நான் குறை சொல்லவில்லை. 2006-ல் விமானங்களைத் திரவ வெடிபொருள் வைத்துத் தகர்க்கும் சதி லண்டனில் பிடிபட்ட பிறகுதான் விமானத்தில் கையில் கொண்டுபோகும் திரவத்துக்கு 100 மில்லி கட்டுப்பாடே வந்தது. கேபிடலில் அந்த 100 மில்லிக்குக்கூட அனுமதி கிடையாது. தண்ணீர், ஜூஸ், பழம், பிரிக்காத தின்பண்டம் எதுவும் கூடாது. வெள்ளை மாளிகை இன்னும் கறார், கைப்பையோடு போனாலே திரும்ப வேண்டியதுதான், வாங்கி வைக்க அங்கே இடமும் இல்லை.

கேபிடலுக்குள் தாகத்துக்குக் குறைவில்லை. 2008-ல் திறந்த பார்வையாளர் மையம் தரைக்குக் கீழே இருக்கிறது, அங்கே குடிநீர்க் குழாயும் உண்டு, உணவகமும் உண்டு. அப்பா தன் பாட்டிலை அங்கேதான் நிரப்பிக்கொண்டார். கஷ்டமெல்லாம் வெளியே வரிசையில் நிற்கும்போதுதான். அதனால் வயிறு நிறையக் குடித்துவிட்டு, காலி பாட்டிலோடு போங்கள். சர்க்கரைக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தேவையானதை உள்ளே விடுவார்களா என்று அந்தப் பார்வையாளர் மைய அலுவலகத்திடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை. வாசலில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் நம் பெரியவர்கள் பேச மாட்டார்கள், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

டிராவல்ஸ்காரர்கள் இதைத் தமிழில் இரண்டு வரி அச்சடித்துக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? நீங்களும் அடுத்த இதழிலேயே போட்டுவிடுங்கள். என் சித்தியும் சித்தப்பாவும் அடுத்த மாதம் கிளம்புகிறார்கள்.

ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்