அடுத்த சோதனையில் ரத்த அணுக்களையும் சேமித்து வையுங்கள்

காசநோய்த் தடுப்பூசிச் சோதனைகளைத் திட்டமிடும் அறிவியலாளர்களுக்கு,

வணக்கம். திருவள்ளூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவின் தோளில் ஒரு தழும்பு உண்டு. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியின் சோதனையில் சிறுமியாக இருந்தபோது போட்டுக்கொண்ட ஊசி. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கை நீட்டினார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்குப் போலி ஊசி. 1979இல் முடிவு வந்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை.

சரி, தோல்வியும் ஒரு விடைதான். ஏன் தோற்றது என்பதுதான் இன்னும் இழுபறி. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் வேறு மைக்கோபாக்டீரியாக்கள் (காசநோய்க் கிருமியின் உறவினங்கள்) முன்பே உடலைப் பழக்கிவிட்டன, அதனால் ஊசியின் பலன் தெரியவில்லை என்பது ஒரு விளக்கம். இன்றுள்ள அளவுக்கு டி செல்களை, அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்களை, பிரித்துப் பார்க்கும் கருவிகள் அன்று கிடையாது, அதனால் யாரையும் குறை சொல்லவில்லை.

ஆனால் இந்த நோயின் சூட்சுமமே நோயெதிர்ப்பு அணுக்களுக்கு இடையிலான பேச்சில்தான் இருக்கிறது. கிருமியை விழுங்கும் அணுவான மேக்ரோபேஜுக்குள்ளேயே கிருமி குடியிருக்கிறது. டி செல் பக்கத்தில் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்தால்தான் மேக்ரோபேஜுக்குக் கொல்லும் வேகம் வரும். அப்படியானால் இன்டர்ஃபெரானைக் கூட்டினால் போதுமே? தென்னாப்பிரிக்காவில் ஏறக்குறைய 2,800 குழந்தைகளிடம் எம்.வி.ஏ.85ஏ என்ற வேறொரு காசநோய்த் தடுப்பூசி அதைத்தான் செய்தது. ரத்தத்தில் டி செல்கள் கூடின, ஆனால் 2013இல் வந்த முடிவில் பாதுகாப்பு கூடவில்லை. காசநோயால் நுரையீரலில் உண்டாகும் கட்டிகளில் டி செல்கள் பெரும்பாலும் வெளிவளையத்திலேயே நின்றுவிடுகின்றன. திருடன் வீட்டுக்குள், போலீஸ் தெருமுனையில்! அதே பழைய பி.சி.ஜி.யை ரத்தநாளத்தில் செலுத்தியபோது 10 குரங்குகளில் 9 காசநோயிலிருந்து தப்பின, அவற்றின் நுரையீரலில் டி செல்கள் குவிந்திருந்தன. 2020இல் வந்த ஆய்வு இது.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே அடுத்த சோதனை நடக்கும்போது, யாருக்கு நோய் வந்தது என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். ஒரு பகுதியினரிடமாவது ஊசிக்கு முன்னும் பின்னும் ரத்த அணுக்களை எடுத்து, திரவ நைட்ரஜனில் வையுங்கள். சம்மதிப்பவர்களிடம் நுரையீரல் கழுவுநீரும் (நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டுத் திரும்ப எடுப்பது) எடுங்கள். பிற ஆய்வகங்கள் கேட்டால் கொடுங்கள். செலவு கூடும், தெரியும். ஊசி தோற்றாலும் கையில் ஏதாவது மிஞ்சும்.

1979 முடிவை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "எனக்குப் போட்டது மருந்தா, வெறும் தண்ணியா?" என்றார். தழும்பைப் பார்த்தால் மருந்துதான் போலிருக்கிறது என்றேன்.

"அப்புறம் ஏன் வேலை செய்யல?"

இப்படிக்கு,
திருவள்ளூர்க்காரன் ஒருவன்