எழுந்து போனவர்களைப் பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விசாரணை முகாமிலிருந்து வீடு திரும்பிய ஒருவரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் அண்மையில் மேடையேறிய நாடகத்துக்கு, உங்கள் ஞாயிறு இதழில் அரைப்பக்க விமர்சனம் வந்திருந்தது. ஒளியமைப்பு, பின்னணி இசை, மேடைப் பொருள்கள் எல்லாவற்றையும் விமர்சகர் நிதானமாக எடைபோட்டிருக்கிறார். அவற்றைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் முகாமைவிட்டு வந்து இத்தனை வருடங்களான மனிதர் கதவு தட்டப்பட்டதும் சுவரோரம் ஒடுங்கிக் கைகளால் தலையை மூடிக்கொள்வது மிகை நடிப்பு, நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருக்கிறாரே, அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை. மறுநாள்தான் மிச்சத்தை வாசித்தேன். இடையில் சிலர் எழுந்து போனதையும் குறிப்பிட்டு, நாடகம் இழுவையானதற்கு அதையே சான்றாகக் காட்டியிருக்கிறார்.

எழுந்து போனவர்களில் ஒருவரை நான் பார்த்தேன், ஐயா. பக்கவாசலுக்குப் பக்கத்தில் இருந்தேன். சப்பாத்துச் சத்தம் கேட்டு, கதவு தட்டப்படும் கட்டம் வந்ததும் அந்த மனிதர் முன்னாலிருந்த கதிரைகளைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தார். ஏதோ தோன்றி நானும் பின்னால் போனேன். மண்டபத்துப் பின்புறக் குழாயைத் திறந்து தலையை அதன்கீழ்க் கொடுத்தபடி நின்றார். சட்டை தோளிலிருந்து இடுப்புவரை நனைந்து ஒட்டியிருந்தது. காலில் செருப்பு இல்லை, கதிரைக்கு அடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். "அந்தச் சத்தம் நின்றுவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். நின்றுவிட்டது என்றேன். அதற்குப் பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. வாசல் திரைக்கு வெளியே நின்று, நாடகம் முடியும்வரை மீதி வசனங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். சலித்துப் போனவர் அப்படி நிற்பாரா என்று உங்கள் விமர்சகர்தான் சொல்லவேண்டும்.

நான் ஏன் பின்னால் போனேன் என்றால், என் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். என் கணவரை 1996இல் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறிய விசாரணை, பின்னேரம் விட்டுவிடுவோம் என்றுதான் அன்றைக்கு எல்லா வீட்டிலும் சொன்னார்கள். சாக்கால் முகம் மூடி, தலையசைத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். அவன் தலையை ஆட்டினானா, கழுத்தில் வியர்வை வழிந்து அசைந்தானா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெற்கே கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது பிள்ளைக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. எந்த வழக்கும் தாக்கல் செய்யப்படவில்லை.

பெற்றோல் ஊற்றிய சொப்பிங் பையை, அதாவது பிளாஸ்டிக் பையைத் தலையில் போட்டு, கழுத்தில் இறுக்கிப் பிடிப்பது பற்றி உங்கள் பத்திரிகையே பல தடவை எழுதியிருக்கிறது. அதனால் விளக்கவேண்டிய தேவையில்லை. அதற்குப் பின்னால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைத்தான் எவரும் எழுதுவதில்லை. என் கணவர் பெற்றோல் நிரப்பும் நிலையத்துப் பக்கம் போகமாட்டார். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டோம், பிறகு மகன் தனக்கென்று வாங்கியதையும் முற்றத்தில் நிறுத்த விடவில்லை. 2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோது, ஆம்பிளை இருக்க நீங்கள் ஏன் வெயிலில் நிற்கிறீர்கள் என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. எங்கள் வீட்டுக்குள் சொப்பிங் பை வராது. கடையில் எதை வாங்கினாலும் துணிப்பைக்குள் மாற்றித்தான் படலை திறப்பேன். பை சரசரத்தால் அவருக்கு மூச்சு அடைக்கிறது. இது மிகை நடிப்பு என்றால் யாருக்காக நடிக்கிறார்? பார்ப்பதற்கு நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

கையொப்பமும் அப்படித்தான். அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் கையொப்பம் வாங்கினார்கள். வாங்கும்போது அந்தக் கை எந்த நிலையில் இருந்தது என்று எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். இன்றைக்கும் பேனையைக் கொடுத்தால் விரல்கள் விறைத்துவிடும். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு வங்கியில், கையொப்பம் பொருந்தவில்லை, திரும்பப் போடுங்கள் என்று அத்தனை பேருக்கு முன்னால் மேலும் மேலும் போடவைத்தார்கள். ஐயாவுக்குக் கை நடுக்கமா, மருந்து எடுக்கவில்லையா என்று அங்கே வேலைசெய்த பிள்ளை நல்ல மனதோடுதான் கேட்டது. அவர் தாளை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அந்தப் பணத்தை எடுப்பதற்கு நாங்கள் பட்ட பாடு வேறு கதை.

இவையெல்லாம் தனிப்பட்ட துயரங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது ஆசிரியராகிய உங்களுக்குத் தெரியாததல்ல. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமலே பதினெட்டு மாதம்வரை தடுத்து வைக்கலாம் என்ற விதி 2022இல்தான் பன்னிரண்டு மாதமாகக் குறைந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகும். அடித்து வாங்கியது என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அடிபட்டவருடையது. நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு நினைவிருக்கும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் அவர் வைத்த பெருவிரல் அடையாளம் ஒன்றே அவரைப் பல பத்தாண்டுச் சிறைக்கு அனுப்பப் போதுமாக இருந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று சொல்லியும், 2006இல் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளிவிட்டது. சித்திரவதைக்குக் குறைந்தது ஏழு வருடச் சிறை என்று 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதை உங்கள் நிருபர்கள் தேடி எழுதினால் நான் வாசிப்பேன்.

சொல்லவருவது இதுதான். விசாரணை அறையில் எங்கள் ஆட்களிடம் முதலில் சொல்லப்பட்டது, நீ பொய் சொல்கிறாய் என்பது. நீதிமன்றத்தில், அடித்ததை நிரூபி என்றார்கள். வெளிநாட்டுக்குப் போய்த் தஞ்சம் கேட்டவர்களிடம் திகதி பிழைக்கிறது, கதை பொருந்தவில்லை என்றார்கள். இப்போது சொந்த ஊரில், சொந்தப் பத்திரிகையில், நம்பும்படியாக இல்லை என்று வந்திருக்கிறது. இந்தப் பட்டியலில் உங்கள் பத்திரிகையும் சேர்ந்துவிட்டதே என்பதுதான் என் மனவருத்தம்.

பழையதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு மரியாதையாக எழுத எனக்குத் தெரியாது. அன்றைக்கு என் கணவரின் பெயர், ஊர், தொழில் எல்லாம் ஒரு பத்திரிகையில் சந்தேகநபர் என்று வந்தன. எந்தப் பத்திரிகை என்று இங்கே எழுதவில்லை. விடுதலையானபோது அதே பத்திரிகைக்குக் கடிதம் போட்டேன். ஒரு வரிகூட வரவில்லை. அதனால் எங்கள் மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தம் குழம்பிப்போயின. பூசா தடுப்பு முகாம், கொழும்பில் பொலிஸார் விசாரிக்கும் நாலாம் மாடி என்ற பெயர்களைக் கேட்டாலே சனம் ஓர் அடி தள்ளி நிற்கும் காலம் அது.

அந்த நாடகம் ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சாட்டுகிறது என்றும் விமர்சகர் எழுதியிருக்கிறார். ஆனால் விசாரிப்பவர் மேடைக்கே வருவதில்லை, குரல் மட்டும்தான் வருகிறது. அவருக்குச் சீருடையும் இல்லை, பெயரும் இல்லை. அதனால்தானே எனக்குப் பின்னால் இருந்த ஓர் அம்மா, இந்திய இராணுவம் இருந்த காலத்தில் தன் தம்பிக்கு நடந்ததை நினைத்து அழுதார். ஆயுதம் ஏந்திய எங்கள் இயக்கங்களின் பங்கர்களுக்குள்ளும் எங்கள் பிள்ளைகளே எங்கள் பிள்ளைகளை விசாரித்தார்கள். அதைப் பேசப் பயந்து இன்னும் வாயை மூடிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. அவர்களும் அந்தக் குரலைத் தங்கள் வீட்டுக் குரலாகக் கேட்டிருப்பார்கள். அடியையும் இரத்தத்தையும் மேடையில் காட்டியிருந்தால் விமர்சகருக்குத் திருப்தியாக இருந்திருக்கலாம். அந்த நாடகக்காரர் காட்டியது அதற்குப் பிறகு வரும் வருடங்களை. மனைவி தேநீர்க் கோப்பையை மேசையில் சத்தமில்லாமல் வைப்பதற்காக முதலில் சுண்டுவிரலை வைத்து, அதன்மேல் கோப்பையை இறக்குகிறாளே, அதைப் பற்றி விமர்சனத்தில் ஒரு சொல் இல்லை. நானும் அப்படித்தான் வைப்பேன். அதை எழுதியவர் ஏதோ ஒரு வீட்டுக்குள் வெகுநேரம் இருந்து பார்த்திருக்கிறார்.

இந்த மண்ணில் நாடகம் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களைப் போன்றவர்கள் ஷெல் விழுந்த காலத்திலும் நாடகம் போட்டார்கள். மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போரின் மனக்காயங்களைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிவருகிறார். விமர்சகர் அவற்றில் கொஞ்சத்தையாவது புரட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். இளைஞராக இருக்கலாம், அந்தக் காலத்தைக் காணாதவராக இருக்கலாம். அது அவர் குற்றமில்லை. காணாததைப் பற்றி அவ்வளவு நிச்சயமாக எழுதியதுதான் என்னைச் சுட்டது.

மறுப்பு வேண்டும், மன்னிப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த நாடகம் அடுத்தமுறை மேடையேறும்போது இடம், நேரம் போடும் அறிவித்தலில், கதவு தட்டும் சத்தமும் சப்பாத்துச் சத்தமும் பலமாக வரும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பக்கவாசலைத் திறந்து வைக்கும்படியும் நாடகக் குழுவினரிடம் சொல்லுங்கள். என் கணவர் வரவேண்டும் என்று விரும்புகிறார். வாசலோரக் கதிரை கிடைத்தால் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
யாழ்ப்பாணம்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)