நான்கு பக்கங்களை அளந்தால் மட்டும் போதாது: நீலகிரிக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்ட நடுநிலைப் பள்ளிகளின் கணித ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, கோத்தகிரிப் பக்கம் குடியிருப்பவன் நான். பலகோணங்களின் பரப்பளவைக் கற்பிக்கும் முறை குறித்து உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்.

இணைகரம், சாய்சதுரம், சரிவகம் ஆகியவற்றின் சூத்திரங்களை நம் பிள்ளைகள் தடுமாறாமல் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பெயர் எதிலும் அடங்காத ஒரு நாற்கரத்தை, அதாவது நம் மலையின் பெரும்பாலான தேயிலைத் துண்டுகளைப் போன்ற ஒன்றைக் கொடுத்தால், எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, கிடைத்த இரண்டையும் பெருக்கும் ஊர்க்கணக்கைத்தான் போடுகிறார்கள். பிரம்மகுப்தர் கி.பி. 628-இலேயே தோராயம் என்று குறித்துவைத்த கணக்கு அது. செவ்வகத்துக்கு மட்டுமே அது சரியாக வரும். மற்ற எல்லா நாற்கரங்களுக்கும் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும் (நிலம் விற்பவர்களுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை). பக்கம் 13 மீட்டரும், மூலைவிட்டங்கள் 24, 10 மீட்டரும் கொண்ட சாய்சதுரத்தின் பரப்பு 120 சதுர மீட்டர். ஊர்க்கணக்கோ 169 என்று சொல்லும்.

ஆகவே, பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு நாற்கரத்தின் பரப்பைக் காண முடியாது, ஒரு மூலைவிட்டமாவது அளந்தாக வேண்டும் என்பதைச் சூத்திரங்களுக்கு முன்பே மாணவர்களுக்கு உணர்த்துங்கள். எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புலப்படம் (ஒரு நிலத்துண்டின் அளவுகளைக் காட்டும் நில அளவை வரைபடம்) ஒன்றை வகுப்பில் விரித்துக் காட்டினால், எத்தனை மூலைகள் கொண்ட புலமானாலும் அது முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதையும், எல்லை வளையும் இடங்களில் செங்குத்துத் தூரங்கள் குறிக்கப்பட்டிருப்பதையும் அவர்களே கண்டுகொள்வார்கள். அடியும் உயரமும் தெரிந்த முக்கோணத்தின் பரப்பு ஒன்றை அறிந்தாலே மீதி எல்லாம் கூட்டல்தான்.

மலைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. நில ஆவணங்களில் உள்ள பரப்பு சரிவின் மேல் அளந்தது அன்று; கிடைமட்டத்தில் கணக்கிட்டது. சரிவோடு 26 மீட்டர் நீண்டு, 10 மீட்டர் உயரம் ஏறும் துண்டின் கிடைமட்ட நீளம் பிதாகரஸ் தேற்றப்படி 24 மீட்டர்தான். அதன் அகலம் 20 மீட்டர் என்றால், டேப்பைத் தரையோடு பிடித்த மாணவனுக்கு 520 சதுர மீட்டர் வரும், ஆவணத்தில் 480 இருக்கும். வேறுபாடு ஏறத்தாழ ஒரு சென்ட். இதை அறியாதவர்கள்தான் பக்கத்துத் தோட்டக்காரர் வேலியை நகர்த்திவிட்டார் என்று வழக்குக்குப் போகிறார்கள்.

ஒரு டேப், நான்கு முளைகள், ஒரு தூக்குக்குண்டு இருந்தால் பள்ளியை ஒட்டிய சரிவிலேயே இதைச் செய்து பார்க்கலாம். டேப்பை மட்டமாகப் பிடித்து, நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, படிப்படியாக இறங்கி அளக்கச் சொல்லுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பள்ளிகள் ஜூன், ஜூலை மழையையும், எங்கள் கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளிகள் அக்டோபர், நவம்பர் மழையையும் தவிர்த்து நாள் குறித்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவர்