பத்திரம் எழுதும் ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நம் கட்டற்ற மென்பொருள் குழுவின் பத்தாண்டுத் திட்டத்தில் ஒருவழியாக எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. நம் இணையதளத்தின் சர்வரும் புது இடத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. குழு உடையவில்லை. நடுவில் நடந்ததையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, உங்களில் பாதிப் பேர் அதற்குள்ளேயே இருந்தீர்கள், மீதிப் பேர் அதைக் கேட்டே களைத்துப் போயிருப்பீர்கள். கண் சொருகுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் வரிசை முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி நம் குழுவிலேயே இல்லாத ஒருவருக்கு. கீழக்கரையில் நாம் வழக்கமாகப் பிரதி எடுக்கும் ஜெராக்ஸ் கடைத் திண்ணையில் ஒரு மர மேசை போட்டு உட்கார்ந்திருப்பாரே, பத்திரம் எழுதும் ஐயா, அவருக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மண்டபம் ஊரில் கூட்டம் வைப்பதற்கு முந்தின நாள், திட்ட வரைவை ஆளுக்கொரு பிரதி எடுக்கலாம் என்று போயிருந்தோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், காற்றும் செத்துக் கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். ஐயா கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாகப்பிரிவினையா?" என்று கேட்டார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிட்டத்தட்ட அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு அஷ்டமி. பதிவுக்கு ஒரு ஆள் வரமாட்டான். குடுங்க, என்னதான் எழுதியிருக்கீங்கன்னு பார்ப்போம்" என்று கையை நீட்டினார். கொடுத்துவிட்டோம். இருபது பக்கத்துக்கு மேல் போகிற வரைவு அது. அடிக்கட்டையை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தி, காதில் செருகியிருந்த பென்சிலை அவ்வப்போது எடுத்துக் குறித்துக்கொண்டே முழுதாகப் படித்தார். அந்த வரைவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும், எழுதியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று கேட்டார். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றைச் செய்வதற்கான குனு திட்டத்தை அறிவித்ததையும், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்த்துத் திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம் என்கிற நான்கு உரிமைகளையும், அவற்றைக் காக்க 1989இல் வந்த ஜிபிஎல் உரிமத்தையும் எங்களுக்குத் தெரிந்த மட்டில் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ, சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியதுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. வாங்கினவன் அடுத்தவனுக்குக் குடுக்கிறப்பவும் அதே வாசகத்தோடதான் குடுக்கணும். சரிதானே?" என்றார்.

சரிதான். இத்தனை வருடமாகக் கல்லூரி கல்லூரியாகப் போய் ஸ்லைடு போட்டு விளக்கியிருக்கிறோம், ஜிபிஎல்லை இவ்வளவு சுருக்கமாக நம்மில் யாரும் சொன்னதில்லை.

அப்புறம் எங்கள் வரைவுக்கு வந்தார். "சொத்து விவரம் எங்கப்பா? நாலு எல்லை எங்க? தமிழ்நாட்டுல இருக்கிற கம்ப்யூட்டர் பூராவும்னு முதல் வரியிலயே இருக்கு. கிழக்கே சமுத்திரம் வரைக்கும் எனக்குப் பாத்தியம்னு எழுதிட்டுப் போனா எந்த ரிஜிஸ்தார் பதிவான்?" இன்னாருடைய மனைக்கு மேற்கு, தெருவுக்குக் கிழக்கு என்று பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொன்னால்தான் நம் இடம் எது என்று தெரியும் என்றவர், ஒரு நீளத்தாளை எடுத்துச் சதுரம் ஒன்றைப் போட்டு, "ஒவ்வொரு பக்கமா சொல்லுங்க, அங்க யாரு இருக்கா, அவங்க என்ன செய்யறாங்க?" என்று ஆரம்பித்துவிட்டார்.

எது நம் வேலை, எது இல்லை என்று எங்களுக்குள் மூன்று வாரமாக முடியாத சண்டை அந்தத் திண்ணையில் ஒரு மணி நேரத்துக்குள் முக்கால்வாசி தீர்ந்தது என்று சொன்னால் மண்டபத்துக்கு வந்தவர்கள் நம்புவீர்கள், பெரும்பாலான பிரச்சினையை நாங்கள் அங்கேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்தோம். கட்டுரை எழுதுவது நம் வேலை இல்லை, அதற்குத் தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து இருக்கிறது. நமக்கென்று தனியாக ஒரு இயங்குதளம் செய்கிற கனவை (யாருடைய கனவு என்று சொல்ல மாட்டேன்) விட்டுவிடலாம், 1993இல் தொடங்கிய டெபியன் இருக்கிறது, அதில் தமிழ் எங்கே நொண்டுகிறதோ அங்கே போய் உதவினால் போதும். ஆபீஸ் மென்பொருளுக்கு லிபர்ஆபீஸ். வரைபடத்துக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப், அதில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் படகு கட்டும் கரைகளின் பெயர்களை ஊர்க்காரர்கள் சொல்கிறபடி சேர்ப்பது மட்டும் நம் பொறுப்பு. இப்படி நான்கு பக்கமும் கோடு விழுந்தபிறகு நடுவில் மிஞ்சியது சின்ன மனைதான், ஆனால் நமக்கே நமக்கானது: வீடுகளில் தூசி படிந்து கிடக்கிற பழைய மடிக்கணினிகளை எழுப்பி, தமிழில் ஓடும்படி செய்து, கடற்கரைப் பள்ளிகளிலும் படகுக்காரர் வீடுகளிலும் சேர்ப்பது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றதிலிருந்து இந்த வேலை நம் வாசலுக்குத் தானாகவே வந்துகொண்டிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

எல்லை போட்டதோடு விட்டாரா என்றால், இல்லை. "வில்லங்கம் பார்த்தீங்களா?" என்று அடுத்த கேள்வி. இணையதளத்தின் பெயர் யார் பேரில் இருக்கிறது? சபர் போன, அதாவது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஒருவர் பேரில். சர்வருக்குப் பணம் யார் கார்டிலிருந்து போகிறது? இன்னொருவர் கார்டிலிருந்து, அதுவும் காலாவதியாகப் போகிறது. கடவுச்சொல் யாரிடம்? ஒரே ஒருவரிடம், அவருக்கு அடுத்த மாதம் கல்யாணம், ஊர் மாறிப் போகிறார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வட்டம் போட்டார். திட்டவும் இல்லை, கிண்டலும் பண்ணவில்லை. "ஆள் நல்லாருக்கிறப்பவே மாத்தி எழுதிக்கணும், தம்பி. எதுக்கும் ரெண்டு சாட்சி இருக்கணும்" என்றார், அவ்வளவுதான். அந்தத் தாளை மையில் படி எடுத்துக் கொடுத்தார். பணம் எடுத்து நீட்டியதற்கு, பதியாத பத்திரத்துக்குக் கூலி வாங்கினால் தொழில் விளங்காது என்று சொல்லி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது நம் எல்லாச் சாவிக்கும் இரண்டு பேர். ஒருவர் ஊரில் இருப்பவர், ஒருவர் வெளியே இருப்பவர். திட்டத்தில் நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய வரியும் அதுதான். நம் கடற்கரையில் படித்த பையன் சவுதிக்கோ சிங்கப்பூருக்கோ போவான், பெண் சென்னைக்கு வேலைக்கோ மாமியார் வீட்டுக்கோ போவாள். பத்தாண்டுக்கு ஒரு திட்டம் போடுகிறவர்கள், அது முடியும்போது இன்றைக்கு இங்கே இருக்கிற ஒருவர்கூட இருக்கமாட்டோம் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும் என்பது என் கட்சி. வருத்தமாகச் சொல்லவில்லை. டெபியனைத் தொடங்கிய இயான் மர்டாக் 1996லேயே பொறுப்பைக் கைமாற்றிவிட்டார், இன்றைக்கும் அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வாக்குப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் 2017இலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் இலக்குகளை ஓட்டுப்போட்டே முடிவுசெய்கிறார்கள். ஓபன்ஆபீஸ் என்ற ஆபீஸ் மென்பொருளைச் செய்தவர்களில் ஒரு பகுதியினர், ஒத்துவராமல் போனபோது 2010இல் மொத்த நிரலையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிபர்ஆபீஸ் என்று நடத்தத்தான் செய்தார்கள், உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. இதையெல்லாம் நாம் சண்டையின்போது ஒருவர்மேல் ஒருவர் கல்லாக வீசிக்கொண்டோம். டெபியன்காரர்கள் பயனர்களுக்குத் தரும் வாக்காக 1997இல் எழுதின டெபியன் சமூக ஒப்பந்தத்தை ஆளுக்கொரு பக்கமாக மேற்கோள் காட்டினோம். தளத்தின் பெயர் யார் பேரில் இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சரி, மற்றவர்களுக்கு வருகிறேன், இல்லையென்றால் விடிந்துவிடும்.

கூட்டத்துக்கு வீட்டு மாடியைத் திறந்துவிட்டு, தடைக்காலத்தில் மீன் கிடைக்காத நாளிலும் எங்கிருந்தோ நாட்டுப்படகு நண்டு வாங்கிவந்து குழம்பு வைத்த மண்டபத்து அக்காவுக்கு, அந்தக் குழம்புக்காகவே இரண்டாம் நாளும் தங்கினவர்கள் சார்பில் நன்றி. ராமேஸ்வரத்திலிருந்து வந்த மூவருக்கும் நன்றி, 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறக்கும்வரை ரயில் மண்டபத்தோடு நின்ற காலத்திலும் பஸ் பிடித்து ஒரு கூட்டம் தவறாமல் வந்தவர்கள் நீங்கள். சர்வர் பாக்கியைச் சத்தம் காட்டாமல் கட்டிவிட்டு ரசீதை மட்டும் அனுப்பின சபராளி அண்ணனுக்கும், ராத்திரி முழுக்கத் தரவுத்தளத்தை மாற்றிக்கொண்டிருந்த தேவிபட்டினம் தம்பிக்கும், பரீட்சைக்கு நடுவில் கூட்டக் குறிப்பு எடுத்துத் தந்த கல்லூரிப் பெண்கள் இருவருக்கும் நன்றி. குழுவை விட்டுப் போக முடிவெடுத்த இரண்டு பேருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். கோபம் இருந்தும், போவதற்கு முன்னால் எல்லாக் கடவுச்சொல்லையும் எழுதி, எதை எதை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று தேதிவாரியாகக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அது இல்லாவிட்டால் நேற்று சர்வர் எழுந்திருக்காது. திரும்பி வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் நிரல் உங்களுடையதும்தான்.

ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, மென்பொருள் விடுதலை நாளன்று, ஐயா எழுதிக் கொடுத்த அந்தத் தாளைச் சத்தமாகப் படிப்பது என்று முடிவெடுத்திருக்கிறோம். ஒரு வரிக்குப் பொறுப்பெடுக்க அன்றைக்கு ஆள் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுவோம். வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இன்னொன்று. ஐயா கூலி வாங்கவில்லை, ஆனால் கடைக் கணினியைக் காட்டி ஒரு விஷயம் கேட்டார். பழைய பத்திர வரைவுகள் எல்லாம் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்தவை, போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக ஏதோ வருகிறதாம், பெயர் போட்டுத் தேடவும் முடியவில்லை. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை போகிறோம். நிரல் எழுதத் தெரிந்தவர் இரண்டு பேரும், மாற்றியதை உட்கார்ந்து சரிபார்க்கப் பொறுமை உள்ளவர் நாலு பேரும் வேண்டும். முதலில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஊர்க்காரர்களின் சொத்து விவரம் அதில் இருக்கிறது, அதனால் இணையத்தில் கிடைக்கிற மாற்றிகள் எதிலும் ஏற்றக் கூடாது, வேலை முழுக்க அந்தக் கடைக் கணினியிலேயே நடக்கணும், பென்டிரைவும் அவரிடமே இருக்கட்டும். வருகிறவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொல்ல வேண்டும்.