கழுத்து மருவும் சுண்ணாம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கழுத்திலும் அக்குளிலும் காம்பு வைத்தாற்போல் தொங்கும் மருவைச் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்துச் சுடும் வழக்கம் எங்கள் கடற்கரை ஊர்களில் இன்னும் விட்டபாடில்லை. சென்ற தை மாதம் என் உடன்பிறந்த அக்காளே அப்படிச் செய்துகொண்டார். மரு விழுந்தது உண்மைதான். ஆனால் சுற்றிலும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் வெந்து, அந்தப் புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. ஏன் ஆறவில்லை என்று காட்டப் போன இடத்தில்தான் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரிய வந்தது.

நாம் எல்லாவற்றையும் மரு என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். விரலிலும் உள்ளங்காலிலும் சொரசொரப்பாக வருவது வைரஸ் கிருமியால் உண்டாவது. தொட்டால் ஒட்டும், சவரக் கத்தி பட்டால் பரவும். நான் சொல்லும் தொங்கு மருவோ மெத்தென்று இருப்பது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாதது, தோலும் துணியும் நகையும் ஓயாமல் உரசும் மடிப்புகளில் வருவது. நாற்பதைத் தாண்டியவர்களிடமும் உடல் பருத்தவர்களிடமும் கருவுற்ற பெண்களிடமும் இது மிகுதி. 'வெட்டினால் பத்தாக முளைக்கும்' என்ற அச்சம் முன்னதற்கு ஓரளவு பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

உரசல் மட்டுமே காரணமன்று. இன்சுலினை உடல் சரிவர ஏற்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அவ்வாறு மிகும் இன்சுலின் தோலின் செல்களையும் வளரத் தூண்டுகிறது. பிடரியில் வெல்வெட் துணிபோல் தடித்துக் கறுத்துப் படரும் பட்டையும் பெரும்பாலும் அதனால் வருவதே. அதை அழுக்கென்று எண்ணி, பிள்ளைகளின் கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் சிவக்கச் சிவக்கத் தேய்க்கும் தாய்மார்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அந்தக் கருமையும் கொத்தாக மருக்களும் சேர்ந்திருந்தால், தேய்ப்பதற்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பதே முறை.

மருவினால் தொந்தரவு இல்லையென்றால் சிகிச்சையே வேண்டாம். தாலிக்கயிற்றில் சிக்கி இரத்தம் கசிந்தாலோ பார்வைக்கு உறுத்தினாலோ, தோல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டுக் காம்போடு நறுக்கிவிடுவார். மின்சூட்டுக் கருவியால் தீய்ப்பதும், திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் உண்டு. எல்லாமே சில நிமிட வேலை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; இமையில் உள்ளதைக் கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. திடீரென நிறம் மாறினாலோ வேகமாகப் பெருத்தாலோ அது மருதானா என்பதையே மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். குதிரை வால்முடியை இறுக்கிக் கட்டும் பழைய முறையும் இரத்த ஓட்டத்தை நிறுத்தித்தான் மருவை விழவைக்கிறது. ஆனால் சுத்தமில்லாத முடியால் சீழ் பிடித்து வந்தவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. அது தோலைச் சுடாது.

2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வரும் பணியாளர்கள், வயதைப் பாராமல் கழுத்தையும் ஒருமுறை பார்த்து, கருமையும் மருவும் உள்ளவர்களைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அனுப்புமாறு மாவட்டச் சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டும். ஒரு மருவைக் காட்ட ஒருநாள் கூலியை விட்டு ராமநாதபுரம் வரை எவரும் போவதில்லை என்பதால்தான் சுண்ணாம்பு வீட்டுக்குள் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பார்கள். அந்த நாட்களில் மண்டபம், தொண்டி, வாலிநோக்கம் போன்ற ஊர்களில் ஒரு முறையேனும் தோல் மருத்துவரைக் கொண்டு முகாம் நடத்துமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தங்கச்சிமடம்.