சாயம் போன கென்டே தொப்பி நூல் குறித்துப் புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், திருச்சிராப்பள்ளி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குரோஷா தொப்பிப் பெட்டியின் நூலிலும் செய்முறைத் தாளிலும் உள்ள குறைகள்

ஐயா / அம்மையீர்,

தங்கள் இணையக் கடையில் சென்ற மாதம் 1,450 ரூபாய் செலுத்தி நூலும் செய்முறைத் தாளும் அடங்கிய ஒரு குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) பெட்டி வாங்கினேன். கானா நாட்டின் கென்டே துணியைப் போன்ற வண்ணக் கட்டங்களும் தட்டையான உச்சியும் கொண்ட வட்டத் தொப்பி பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருந்தது. படிப்பு முடிந்து கானாவின் குமாசி நகருக்குத் திரும்பவிருக்கும் என் மகளின் தோழிக்குப் பரிசளிக்கவே அதை வாங்கினேன்.

முதற் சுற்றில் 12 இரட்டைக் குரோஷா (உயரமான ஒரு வகைக் கண்ணி) போட்டபின், நான்காம் சுற்று முடியும்வரை ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போடும்படி செய்முறைத் தாள் சொல்கிறது. அவ்வாறு போட்டால் 12, 24, 48, 96 என்று கண்ணிகள் பெருகி, உச்சி படியாமல் பொரித்த அப்பளம்போல் நெளிகிறது. சுற்றுக்குப் பன்னிரண்டு கண்ணி மட்டும் கூட்ட வேண்டும் என்பது பழக்கத்தால் எனக்குத் தெரியும். ஆகவே இருமுறை பிரித்தபின் தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஏழு சுற்றில் 84 கண்ணிகளோடு உச்சியை முடித்தேன். புதிதாகக் கற்பவராக இருந்தால் பிழை தம் கையில்தான் என்று நினைத்திருப்பார்.

தாளின் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நூலைப் பொறுக்க முடியவில்லை. பக்கச் சுவரில் மஞ்சள் கட்டம் பின்னும்போது சிவப்பு நூலை மஞ்சள் கண்ணிகளுக்குள்ளேயே மறைத்து எடுத்துச் செல்ல வேண்டும். 'சாயம் போகாத பருத்தி' என்று அச்சிட்ட சீட்டில் உள்ளபடியே குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசினேன். உள்ளிருந்த சிவப்பு ஊறி வெளிவந்து, மஞ்சள் கட்டங்கள் அனைத்தும் திட்டுத்திட்டாகக் காவியேறிவிட்டன. போதாக்குறைக்கு, படத்தில் கறுப்பு இருந்த இடத்திற்குப் பெட்டியில் வந்தது அடர்பழுப்பு நூல்.

தொலைபேசியில் பேசிய தங்கள் ஊழியர், கைவேலைப் பொருளில் நிறம் சற்று முன்பின் இருக்கும் என்றார். நூலுக்குச் சாயமிட்டது நான் அல்லவே! மேலும், கென்டேயில் நிறம் வெறும் அலங்காரம் அன்று. கானாவின் அசாந்தே, எவே இன நெசவாளர்கள் குறுகிய பட்டைகளாக நெய்து ஒன்றோடொன்று தைத்துச் சேர்க்கும் அத்துணியில், மஞ்சள் பொன்னையும் அரச மேன்மையையும், பச்சை விளைச்சலையும், கறுப்பு முதிர்ச்சியையும் முன்னோர் தொடர்பையும் குறிக்கும். 2024இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற கைத்திறன் அது. தங்கள் தாளோ அதனை 'ஆப்பிரிக்கப் பழங்குடிக் கோலம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. கானா என்ற பெயர்கூட அதில் இல்லை. அந்த ஊர்ப் பெண்ணின் கையில் இதை எப்படிக் கொடுப்பேன்?

ஆகவே, பெட்டியின் முழு விலையையும் திருப்பித் தரவும், செய்முறைத் தாளைத் திருத்தும்வரை இப்பெட்டியின் விற்பனையை நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறேன். தொப்பியின் ஒளிப்படங்கள், நூல் சீட்டு, பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் வராவிடில், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். மீதமுள்ள சிவப்பு நூல்கண்டைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். சோதனைக்குத் தேவையெனில் தங்கள் செலவில் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்